மேலப் பக்கமா ரெண்டு இஞ்சு

நான் கட்டிடப் பொறியாளன். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் இருக்கிறது. 'ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்' என்றும் போட்டிருக்கிறேன். அச்சடித்தவர் அதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார், இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. மதுரையில் விசிட்டிங் கார்டை யாரும் படிப்பதில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். சோழவந்தான் பக்கம் என்று சொன்னால் போதும், தெரிந்த ஆள் ஆகிவிடுவேன். அதற்கப்புறம் நான் போடும் டிசைன் நிற்குமா விழுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் அவனியாபுரத்தைத் தாண்டி, பீரோ செய்து விற்கும் ஒருவருக்கு ஷெட் கட்டினோம். நாற்பதடி அகலம். கிழக்கே ஆறு இரும்புத் தூண், மேற்கே ஆறு இரும்புத் தூண், இரண்டு வரிசைக்கும் குறுக்கே இரும்புச் சட்டங்கள், மேலே தகரம். விமானம் தலைக்கு மேலே இறங்கும் இடம் அது. ஒவ்வொரு தடவையும் மொத்த சைட்டும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கும், நானும் பார்ப்பேன்.

முதல் நாளே ஓனர் என்னிடம் தூணை மண்ணுக்குள் எத்தனை அடி இறக்குவீர்கள் என்று கேட்டார். ஒரு அடிகூட இல்லை என்றேன். ஏதோ தன்னை ஏமாற்ற வந்தவன் மாதிரி என்னைப் பார்த்தார். அவரை உட்கார வைத்து விளக்கினேன். பூமிக்குள் அஸ்திவாரம் இருக்கும். அதிலிருந்து சதுரமான கான்கிரீட் கட்டை ஒன்று தரைக்கு மேலே எழும்பும், அதற்குப் பெயர் பெடஸ்டல். கான்கிரீட் ஊற்றும்போதே அதற்குள் நாலு போல்ட்டைப் புதைத்து, மரை உள்ள நுனியை மட்டும் வெளியே விட்டுவிடுவோம். தூணின் காலடியில் நாலு ஓட்டை போட்ட தடித்த பிளேட் பற்றவைத்திருக்கும். கிரேன் தூணைத் தூக்கி வந்து, அந்த நாலு ஓட்டையும் நாலு போல்ட்டில் இறங்குகிற மாதிரி வைக்கும். நட்டைப் போட்டு முறுக்கினால் முடிந்தது. ஓனர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நாலு நட்டுலயா தம்பி நிக்கும்?" என்றார். தான் விற்கும் பீரோ நிற்குமா என்று ஒரு தடவைகூடத் தள்ளிப் பார்க்காதவர் கேட்கிற கேள்வி இது.

இந்த வேலையில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். ஓட்டை எங்கே வரப்போகிறதோ அங்கே போல்ட் இருக்க வேண்டும். கான்கிரீட் ஈரமாக இருக்கும்வரை போல்ட்டை ஒரு விரலால் நகர்த்தலாம், காய்ந்துவிட்டால் யாராலும் நகர்த்த முடியாது. இதை நான் ஒவ்வொரு ஓனரிடமும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வது வழக்கம். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். சொல்லிக்கொடுப்பதில் நான் கெட்டிக்காரன்.

கான்கிரீட் வேலையை எடுத்திருந்தவர் திருவாதவூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார். அவர் வீட்டில் அவருக்கு முந்தின தலைமுறை வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிவேலை. இவர் கொத்தனாராகிப் பதினைந்து வருடம் வேறு மேஸ்திரிகளிடம் வேலை பார்த்தவர், தன் பேரில் எடுத்த முதல் கான்ட்ராக்ட் இதுதான். பைக்கின் முன்னால் 'பில்டிங் கான்ட்ராக்டர்' என்று புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். தினமும் காலையில் வந்ததும் கலவையைத் தொடுவதற்கு முன்னால் ஈரத்துணியால் அதைத் துடைப்பார். அவர் மனைவியும் கொழுந்தியாளும்தான் சித்தாள். தூண் வேலை பிசகாமல் முடிந்தால் சுற்றுச்சுவரும் ஆபீஸ் கட்டிடமும் அவருக்கே என்று ஓனர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை, "இது மட்டும் நல்லபடியா நின்னுருச்சுன்னா இனிமே ஒருத்தர் கீழ போயி நிக்க வேண்டியதில்ல சார்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதும் கன்சல்டன்சியில் சேர்த்திதான்.

சைட்டில் இன்னொரு நிபுணரும் இருந்தார், வாஸ்துக்காரர். செல்போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை வருவார். அவர் வந்துபோன பிறகு ஏதாவது ஒன்று இடம் மாறும். வடக்கே இருந்த கேட் கிழக்கே போனது. தண்ணீர்த் தொட்டி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது. கக்கூஸ் குழியை இரண்டு தடவை தோண்டி இரண்டு தடவை மூடினோம். மூன்றடி அந்தப் பக்கம், ஒன்றரை அடி இந்தப் பக்கம் என்பது எங்களுக்கு டீ குடிப்பது மாதிரி ஆகிவிட்டது. தள்ளு என்றால் ஏன் என்று கேட்கிற பழக்கமே அந்த இடத்தில் செத்துப்போயிருந்தது.

கிழக்கு வரிசை ஆறு பெடஸ்டலையும் நான் கூடவே நின்று போட வைத்தேன். கொத்தனார், போல்ட் அசையாமல் இருக்க நாலு ஓட்டை போட்ட தகட்டை மேலே மாட்டி, நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தார். எனக்குக் கொட்டாவி வந்தது. கான்கிரீட் இறுகியதும் சும்மா ஒரு நட்டை எடுத்து மாட்டிப் பார்த்தேன். மட்டம் பார்க்கக் கீழே ஒரு நட்டு, அதன் மேலே பிளேட், வாஷர், அதற்கு மேலே இரண்டு நட்டு. இத்தனையும் போட்டால் மரை கடைசி நட்டோடு தீர்ந்துபோகிறது. நிற்கும், ஆனால் பார்க்க இறுக்கிப்பிடித்த சட்டை மாதிரி இருந்தது. டிராயிங் போட்ட மகானுபாவன் கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கலாம். அந்த மகானுபாவன் நான்தான். மேற்கு வரிசையிலாவது போல்ட்டை இரண்டு இஞ்ச் கூடுதலாக வெளியே நீட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தேனே தவிர எழுதிக் கொடுக்கவில்லை. மேற்கு வரிசைக்குக் கான்கிரீட் போடும் அன்று எனக்குச் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. கார் சர்வீஸுக்குப் போயிருந்தது, பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஏழு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர். பக்கத்தில் இருந்த அம்மாவின் சீர்த்தட்டு பாதி என் மடியில் இருந்தது. அந்த நிலையில்தான் எனக்குக் கடமை ஞாபகம் வந்தது. கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இன்னைக்குப் போடுற ஆறுலயும் போல்ட்ட மேல பக்கமா ரெண்டு இஞ்சு தள்ளிக்கங்க" என்றேன்.

"மேலப் பக்கமாவா? அம்புட்டையுமா சார்?"

"அம்புட்டையும்தான்."

"ஓரத்துக்கு வந்துருமே சார்."

போல்ட்டை உயர்த்தினால் அது எந்த ஓரத்துக்கு வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, சீர்த்தட்டிலிருந்த தேங்காய் உருண்டது, எனக்கு எரிச்சல் வந்தது. "டிராயிங் போட்டது நீங்களா நானா? சொன்னதச் செய்ங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். காதுகுத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது.

மறுநாள் சைட்டுக்குப் போனேன். ஆறு பெடஸ்டலும் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றன. போல்ட் நுனிகளில் கிரீஸ் தடவிப் பாலிதீன் கவர் கட்டியிருந்தார்கள். அவ்வளவு பொறுப்பான வேலையைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றியது. காரில் டேப் இருந்தது, காரிலேயே இருந்தது. தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். முப்பது பேருக்கு மேல் பார்த்தார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கிரேன் வந்தது. கிரேன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டினோம். பன்னிரண்டு தூணும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. நாலு ஓட்டையும் நாலு போல்ட்டில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. ஒரு இடத்தில்கூடச் சுத்தியல் எடுக்கவில்லை. பெரிய கம்பெனி வேலையிலேயே இரண்டு மூன்று தூணாவது மக்கர் பண்ணும், ஓட்டையை அறுத்துப் பெரிதாக்குவார்கள். கிரேன் ஓட்டியவர்கூடக் கீழே இறங்கி வந்து கொத்தனார் யார் என்று கேட்டுவிட்டுப் போனார். கொத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேற்கு வரிசையில் மரை கூடுதலாக நீட்டவில்லை என்பதை நான் அப்போதே கவனித்தேன். சொன்னதை மறந்துவிட்டார் போல என்று நினைத்து, பெருந்தன்மையாக மன்னித்தேன். கேட்டால் வேலை நிற்கும், நின்றால் நானும் வெயிலில் நிற்க வேண்டும்.

மறுநாள் குறுக்குச் சட்டத்தைத் தூக்கினார்கள். கிழக்கு முனை தூணில் போய்ப் பொருந்தியது. மேற்கு முனை தூணுக்கு இரண்டு இஞ்ச் முன்னாலேயே நின்றுவிட்டது. எட்டவில்லை. சட்டத்தைச் செய்து வந்தவர் கிழக்குத் தூணைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். அப்புறம் மேற்குத் தூணில் சங்கிலி போட்டு இழுக்கச் சொன்னார். நாலு ஆள் சேர்ந்து இழுத்தார்கள். நாலு நட்டில் நிற்குமா என்று கேட்ட ஓனர், நாலு நட்டு அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்தார். கடைசியில் காரிலிருந்து டேப் வந்தது. நாற்பதடி இரண்டு இஞ்ச். அடுத்த ஜோடியிலும் நாற்பதடி இரண்டு இஞ்ச். ஆறிலும் அதே அளவு.

எல்லோரும் கொத்தனாரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவருக்கு எதற்காகப் பார்க்கிறோம் என்றே புரியவில்லை. "சார் சொன்னபடி மேலப் பக்கமா ரெண்டு இஞ்சு தள்ளுனேன். ஆறும் சரியாத்தான இருக்கு" என்று கையை நீட்டினார். கை மேற்கே நீண்டது.

எனக்கு அந்தக் கணத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. காகிதத்தில் மேல் என்பது ஒன்று. கம்ப்யூட்டரில் போல்ட்டை மவுஸால் மேலே தள்ளினால் அது உயரும். கல்லூரியிலும், சென்னையில் வேலை பார்த்த காலத்திலும் எனக்கு மேல் என்றால் அதுதான். ஆனால் நான் பிறந்த தெருவுக்குப் பெயர் மேலத்தெரு. எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்கு மேற்கே இருந்த நிலத்தை மேலக்காடு என்போம். மதுரையில் மேலமாசி வீதி ஆகாயத்தில் தொங்கவில்லை என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். இந்த ஊரில் ஒரு பொருளை மேலப் பக்கமாகத் தள்ளு என்றால் அது மேற்கே போகும். உயரப் போக வேண்டும் என்றால் ஏற்று என்று சொல்ல வேண்டும். இத்தனையும் தெரிந்த ஊர்க்காரன் என்பதால்தான் எனக்கு வேலையே கொடுத்திருந்தார்கள்.

ஓனர் என்னிடம் திரும்பி, "தம்பி, நீங்க போன்ல என்ன சொன்னீங்க?" என்று நிதானமாகக் கேட்டார்.

பதில் என் வாயில் தயாராக இருந்தது, வேறு ஒரு பதில் வெளியே வந்தது. "போல்ட் உயரத்தை ரெண்டு இஞ்ச் கூட்டச் சொன்னேன்."

உயரம் என்ற வார்த்தையைப் போனில் நான் சொல்லவே இல்லை. மனதில் நினைத்ததைத்தானே சொல்கிறேன், இது எப்படிப் பொய்யாகும் என்று உள்ளுக்குள் எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். கொத்தனார் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் குரலை உயர்த்தியிருப்பேன். அவர் ஏதோ கணக்கு உதைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் காதைத் தொட்டார். "அப்ப எனக்குத்தான் காதுல தப்பா விழுந்துருச்சு போல" என்றார். அவர் மனைவி சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார். ஓனர் தலையை ஆட்டிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நான் நிபுணனானேன். மேற்குத் தூண்கள் ஆறையும் கழற்றி, காலடிப் பிளேட்டை அறுத்துவிட்டு, அகலமான புதுப் பிளேட் போட வைத்தேன். ஓட்டைகள் மேற்கே ஒதுங்கியிருக்கும், தூண் இரண்டு இஞ்ச் கிழக்கே நிற்கும். போல்ட் இருந்த இடத்திலேயே இருக்கும், தூண் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அழகான தீர்வு என்று சட்டம் செய்தவர் பாராட்டினார். போல்ட் ஓரத்துக்கு வந்துவிட்டதால் பெடஸ்டலின் மேற்குப் பக்கத்தில் கம்பி சொருகிக் கான்கிரீட்டைத் தடிப்பாக்க வேண்டியிருந்தது. ஓரத்துக்கு வந்துவிடுமே என்று கொத்தனார் அன்றைக்கே போனில் சொன்னார்.

அந்த வேலையையும் அவர்தான் செய்தார். யாரும் கேட்கவில்லை, தன் தப்பைத் தானே சரிசெய்யாமல் போகக் கூடாது என்று அவராகவே செய்தார். தன் தப்பு என்று அவர் சொன்னபோது நான் குனிந்து ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன், அது ஏற்கெனவே முறுக்கிய நட்டு. அவர் டீ குடிக்கப் போன நேரம் மேற்கு வரிசை போல்ட்டுகளுக்கு ஒரு நூலைக் கட்டிப் பார்த்தேன். ஆறு பெடஸ்டல், இருபத்துநாலு போல்ட். ஒன்றுகூட நூலை விட்டு விலகவில்லை. என் ஒரு உளறலை அவர் ஆறு இடத்தில் அப்படியே, மயிரிழை பிசகாமல் நிறைவேற்றியிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுவிட்டு நூலைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து அவர்கள் கிளம்பிய வாரமே சுற்றுச்சுவருக்கு வேறு ஆள் வந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். திருவாதவூர்க்காரரின் பைக்கை நான் கடைசியாகப் பார்த்தபோது ஸ்டிக்கர் இருந்தது, துடைத்த மாதிரித் தெரியவில்லை.

ஷெட் திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வாஸ்துக்காரருக்கும் எனக்கும் ஒரே நிறத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். ஓனர் மைக்கைப் பிடித்து, பல சோதனைகளுக்கு நடுவிலும் பொறுமையாக இருந்து முடித்துக்கொடுத்தவர் என்று என்னைச் சொன்னார். கை தட்டினார்கள். சரிகை கழுத்தில் குத்தியது. கொத்தனாரை யாரும் கூப்பிடவில்லை, அவர் மனைவியும் கொழுந்தியாளும் சுமந்த கான்கிரீட்டின் மேல்தான் நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. கூட்டம் சாப்பிடப் போனதும் ஓனரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டேன். போனில் நான் உயரம் என்று சொல்லவில்லை, மேலப் பக்கம் என்றுதான் சொன்னேன், கொத்தனார் கேள்வி கேட்டபோது அவர் வாயை அடைத்தேன், அன்றைக்கு எல்லார் முன்னாலும் பொய் சொன்னேன் என்றேன்.

"அது தெரியும் தம்பி" என்றார் ஓனர்.

எனக்குப் புரியவில்லை. அவர் கேசரித் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு விளக்கினார்.

"நீங்க போன் பண்ணுன அன்னைக்கு நான் சைட்டுக்கு வந்திருந்தேன். மணல் குமிச்சிருந்ததுக்கு அந்தப் பக்கம் கார்லதான் உக்காந்திருந்தேன், அவரு என்னையப் பாக்கல. கையெல்லாம் சிமிட்டின்னு போனச் செங்கல் மேல வச்சு ஸ்பீக்கர்ல பேசுனாரு. நீங்க சொன்னது நல்லாக் கேட்டுச்சு. நானும் மேக்கன்னுதான் நெனச்சேன். வாஸ்துக்காரரு உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பாருன்னு விட்டுட்டேன்."

பிறகு நான் மாற்றிச் சொன்ன அன்றைக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"பிளான் அப்ரூவல்ல உங்க கையெழுத்து. பேங்குக்குக் குடுத்த சர்டிபிகேட்டுல உங்க கையெழுத்து. உங்களப் பகைச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அவரு கையெழுத்து எதுல இருக்கு?"

அவர் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. எதை எங்கே வாங்குவது என்று தெரிந்த வியாபாரியின் குரல் அது. என் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு என்று முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. இனியாவது அந்த ஆபீஸ் கட்டிடத்தை அவருக்குக் கொடுங்கள் என்றேன். அதற்கும் ஆள் பேசி முடித்தாயிற்று என்றார். கேசரியில் முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள்.

வெளியே வந்து கொத்தனாருக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்து, சொல்லுங்க சார் என்றார். பின்னால் கலவை மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஒத்தக்கடைப் பக்கம் பழைய மேஸ்திரியிடமே வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேல் என்று நான் நினைத்தது எது, சொன்னது எது, பிறகு ஓனர் முன்னால் மாற்றிச் சொன்னது எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் மேல்தான் தப்பு, உங்கள் மேல் ஒன்றுமே இல்லை என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மெஷினை நிறுத்தச் சொல்லி யாரிடமோ சொன்னார்.

"நானும் வீட்டுல யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் சார். மேலப் பக்கம்னுதான் காதுல விழுந்துச்சு. எம் பொண்டாட்டிகூட காது டாக்டரப் போயிப் பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

பிறகு அவரே கேட்டார்.

"மொதலாளிகிட்டச் சொல்லிட்டீங்களா சார்?"

சொல்லிவிட்டேன் என்றேன்.

"அது போதும் சார். வேல போனாப் போகுது. எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவருக்குத் தெரியும் என்றேன்.